ரொட்டி

ஏப்ரலில் பனி உருகுவதை
வசந்தம் என்று சொல்பவர்கள்
கரேலியாவில் வண்டி ஓட்டிப் பிழைக்காதவர்கள்.

என் வண்டியின் பெயர் ரொட்டி.
நான் வைத்ததில்லை. உவாஸ் வேனை இங்கே
எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்,
அச்சில் சுட்டுக் கவிழ்த்த மாதிரி இருப்பதால்.
உள்ளேயும் ரொட்டிதான்: நாற்பது கம்பு ரொட்டி,
உப்பு, தீப்பெட்டி, டார்ச் பேட்டரி, பூனைத் தீவனம்.
பாதை முடிகிற ஹிர்விசுவோவில்
ஏழு வீடு, பதினொரு பூனை.

போன புதன் பாதி வழியில் மாட்டிக்கொண்டேன்.
இடது பின்சக்கரம் களியில் கிறுகிறுவென்று சுற்ற,
வலது சக்கரம் கெட்டித் தரையில் கால் பதித்து
வேடிக்கை பார்த்தது.
டிஃபரன்ஷியலின் நியாயம் அது.
வழுக்குகிறவனுக்கே எல்லாம்.
நிற்கிறவனுக்கு ஒன்றுமில்லை.
ஒன்பது கிலோமீட்டர் நடந்து திரும்பினேன்
அக்குளில் ஒரு ரொட்டியோடு.
வழியிலேயே தின்றேன். என் கணக்கில் எழுதிக்கொண்டேன்.

எங்கள் ஊரில் வெல்டிங் மிஷின் ஒன்றுதான்.
அது ரௌனோவிடம் இருக்கிறது.
ரௌனோ ஆறு வருஷம் என் புருஷனாக இருந்தான்.

"ஒட்டினால் பிரிக்க முடியாது."
"தெரியும்."
"தார்ச்சாலையில் கத்தும்."
"கத்தட்டும்."

இரண்டு ஆக்சிலையும் உருவினோம்.
பின்மூடியை நெம்பியதும் கறுப்பு எண்ணெய்
அழுகின முட்டை நாற்றத்தோடு தட்டில் இறங்கியது.
உள்ளே, உள்ளங்கையில் அடங்கும் நான்கு பல்சக்கரங்கள்.
வளைவில் வெளிச்சக்கரம் கூட ஓட வேண்டும்,
உள்சக்கரம் குறைய ஓட வேண்டும்,
நடுவில் இருந்து இரண்டுக்கும்
விட்டுக்கொடுப்பது இவற்றின் வேலை.
ரௌனோ ஒரு பக்கத்தை விரலால் சுழற்றினான்.
மறுபக்கம் எதிர்த்திசையில் சுழன்றது,
சத்தமே இல்லாமல்.
"பார், நம்ம ரெண்டு பேருக்கும் நடுவில் மட்டும் இப்படி ஒன்று..."
"உவமை வேண்டாம். மண்ணெண்ணெயை எடு."

மூன்று தடவை கழுவினோம்.
சவுனா அடுப்பில் வைத்துச் சூடேற்றினோம்,
எச்சில் தெறித்தால் துள்ளும் வரை.
ஆனாலும் முதல் ராடு தொட்டதும்
பல்லிடுக்கில் ஒளிந்திருந்த எண்ணெய்
எங்கள் இருவர் முகத்திலும் புகைந்தது.
முகமூடிக்குள் உலகம் ஒரே பச்சை,
நடுவில் ஒரு வெள்ளைப் புழு நெளிகிறது.
இடுக்கியால் நான் திருப்பித் திருப்பிக் காட்ட
பல்லுக்குப் பல் நிரப்பிக்கொண்டே வந்தான்.
பேசிக்கொள்ளவில்லை.
"இன்னும் கொஞ்சம்" என்று இரண்டு தடவை சொன்னேன்.

தட்டினால் கசடு முட்டை ஓடாக உரிந்தது.
ஒரு துணுக்கு மிஞ்சினாலும் பேரிங்கைத் தின்றுவிடும்.
அதனால் கம்பி பிரஷ், காந்தம்,
பிறகு ஊசி, பிறகு என் நகம்.
சட்டென்று குளிர்ந்தால் விரிசல் விடும் என்று
அடுப்புச் சாம்பலில் புதைத்தோம்.
இரும்பு விடிய விடிய ஆறிக்கொண்டிருந்தது.
நான் என் வீட்டுக்குப் போய்விட்டேன்.

இந்தப் புதன்
அதே இடம், அதே களி, அதே இடது சக்கரம்.
வலதுக்கு இனிமேல் வேடிக்கை பார்க்க வழியில்லை.
உறுமி, சேற்றை வானத்துக்கு வீசி,
ரொட்டித் தட்டுகள் தலைக்குப் பின்னால் கலகலக்க
ஏறிவிட்டோம்.
ஹிர்விசுவோவில் வேய்க்கோ
ரொட்டியைத் திரும்பியும் பார்க்காமல்
பூனைத் தீவனத்தை எண்ணினான்.
"போன வாரம் மீன்தான் போட்டேன்," என்றான்,
நான்தான் அந்த மீன் என்பது போல.

திரும்பும் வழியில் தார்ச்சாலைக்கு ஒரே ஒரு வளைவு,
ரௌனோவின் பட்டறை முன்னால்.
ஸ்டியரிங் நேராகத்தான் போவேன் என்கிறது.
தோளைக் கொடுத்து இழுக்கிறேன்.
குறைய ஓடத் தெரியாத உள்சக்கரம்
தரையோடு தேய்ந்து
ஊரே கேட்கக் கத்துகிறது.

எதிர்வீட்டு நாய் எழுந்துகொள்கிறது.
பட்டறைக் கதவு திறக்கிறது.
ஆக்சில் என்றைக்காவது முறியும்,
மாற்று ஆக்சில் ரொட்டிக்குக் கீழே கிடக்கிறது,
அது அவனுக்கும் தெரியும்.
டீக் கோப்பையோடு நின்று
சத்தத்தை மட்டும் கவனிக்கிறான்,
தலையைக் கொஞ்சம் சாய்த்து.

நான் ஹாரன் அடிப்பதில்லை.